மண்சரிவுக்கு 5 மார்க், காட்டுமாட்டுக்கு 10 மார்க்: எங்கள் ஊராட்சியின் பேரிடர் அட்டவணையைக் கொஞ்சம் பாருங்கள்

கோத்தகிரிப் பையன்

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரி வட்டத்தில் ஓர் ஊராட்சிக்குப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். தலைவர் கேட்டார். கம்ப்யூட்டர் தெரியும் என்கிற ஒரே தகுதியில் வேலை என் தலையில் விழுந்தது. ஊர்ப் பெயரை இங்கே போடவில்லை. போட்டால் நாளைக்கே நாலு பேர் வீட்டு வாசலில் நிற்பார்கள்.

கையில் ஒரு மாதிரிப் படிவம் இருக்கிறது. முதல் கட்டத்தில் பேரிடரின் வகை. அடுத்ததில் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். அதற்கடுத்து, வந்தால் எவ்வளவு சேதம் என்பதற்கு 1 முதல் 5. இரண்டையும் பெருக்கினால் அபாய மதிப்பெண். ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்துக் கேட்டு நிரப்பியதில் வந்தது இது:

காற்றில் மரம் விழுதல், மின்தடை: 5 × 3 = 15
காட்டுமாடு, கரடி, சிறுத்தை: 5 × 2 = 10
உறைபனியில் பயிர் கருகுதல்: 3 × 2 = 6
மண்சரிவு: 1 × 5 = 5
நிலநடுக்கம்: 1 × 4 = 4

மண்சரிவும் நிலநடுக்கமும் ஏறக்குறைய ஒரே தட்டில் வந்து நிற்கின்றன. நீலகிரியில் இருக்கிற யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் "நம்ம ஊர்ல மண்ணு சரிஞ்சு யாரும் சாகல" என்று பெரியவர்கள் சொல்வதும் உண்மைதான். மார்க்கைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு ஒப்பேற்றிவிடலாமா, இல்லை முறையே தப்பா?

ஊரின் அமைப்பு: உச்சியில் தார்ச்சாலை. சாலையை ஒட்டிச் சரிவை வெட்டிக் கட்டிய புது வீடுகள். அதற்குக் கீழே ஹட்டி, அதாவது படகர்களின் பழைய ஊர். அதற்கும் கீழே சிறு விவசாயிகளின் தேயிலை. பள்ளத்தில் ஓடை, ஓடைக்கரையில் பழைய எஸ்டேட் லைன் வீடுகள், தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டியவை.

சரிவுக்கோணம்

முறைதான் தப்பு. மார்க்கை மாற்றி ஒப்பேற்றாதீர்கள்.

பெருக்கல் கணக்கு, அடிக்கடி வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தொல்லை தருகிறவற்றை மேலே ஏற்றிவிடும். எப்போதோ ஒரு முறை வந்து ஒரே ராத்திரியில் ஒரு வரிசை வீட்டையே கொண்டுபோகிற விஷயத்தைக் கீழே தள்ளிவிடும். மின்தடை ஐம்பது முறை வந்தாலும் மறுநாள் கரண்ட் வந்துவிடும். இந்த இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பதே சரியில்லை. உயிர் போகும் ஆபத்தைத் தனித் தாளில் எழுதுங்கள், மற்றதை இன்னொரு தாளில்.

இரண்டாவது, அந்த "1" எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். எவ்வளவு பெரிய இடத்தை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறிவிடும். உங்கள் ஊர்ச் சரிவில் மண் சரிந்ததாக யாருக்கும் நினைவில்லை, சரி. மாவட்டமாகப் பார்த்தால்? 1978இல் சரிவுகள். 1990 அக்டோபரில் கெத்தையில் 30 பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்கள். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் சாலையும் ரயில் பாதையும் பெயர்ந்தன, அங்கும் உயிர்கள் போயின. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி வட்டாரத்தில் சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்புறம் 2019. பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒரு முறை மாவட்டத்தில் எங்கோ ஓரிடத்தில் இது நடக்கிறது. உங்கள் ஊர் மண் பக்கத்து ஊர் மண்ணிலிருந்து வேறானது என்று சொல்ல ஏதாவது காரணம் இருந்தால்தான் "1" போட உரிமை உண்டு.

காரணம் இருக்க வாய்ப்புக் குறைவு. அந்தப் பக்கம் பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை. அது உளுத்து உளுத்து, மேலே பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாகக் கிடக்கிறது. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் சுவர் மாதிரி நிற்கும், அதைப் பார்த்துத்தான் மேஸ்திரி தைரியமாக வெட்டுகிறார். நீர் ஏறினால் கதை வேறு.

ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ.

தம்பி, முதலில் ஒரு விஷயம். உங்களுடையது கிராம ஊராட்சி என்பதால்தான் இந்தப் படிவம் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. நீலகிரியில் கிராம ஊராட்சிகள் 35தான். மற்றதெல்லாம் பேரூராட்சி, நகராட்சி. 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்ட மக்களில் பாதிக்கு மேல் "நகர்ப்புறம்". நெல்லியாளம் நகராட்சிக்குப் போய்ப் பாருங்கள், தேயிலையும் காடுமாகத்தான் இருக்கும். காகிதத்தில் நகரம் என்பதால் அங்கே கேட்கிற கேள்விகள் மழைநீர் வடிகால், போக்குவரத்து என்று போகும். சரிவின் அடியில் இருக்கும் லைன் வீட்டைப் பற்றி அந்தப் படிவத்தில் இடமே இருக்காது.

அடுத்து, மாவட்ட அபாயப் பட்டியல். மாவட்டத்தில் 283 அபாயப் பகுதிகள் என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் பத்திரிகையில் வரும். நல்ல வேலைதான், அதை வைத்துத்தான் ஒவ்வொரு இடத்துக்கும் முதல் நிலைப் பொறுப்பாளர்கள், குழுக்கள் எல்லாம். ஆனால் இப்படிப்பட்ட பட்டியலில் பெரும்பாலும் ஏற்கெனவே சரிந்த இடங்களும், தண்ணீர் நின்ற இடங்களும்தான் முதலில் ஏறும். நேற்று வெட்டிய சரிவு அதில் இருக்காது. உங்கள் ஊர் பட்டியலில் இல்லை என்றால் ஆபத்தில்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊராட்சியில் ஓரிடம் இருந்தால் அது வீடா, சாலைத் திருப்பமா என்று நேரில் போய்ப் பாருங்கள். சாலைத் திருப்பமாக இருந்தால் அது நெடுஞ்சாலைத்துறையின் கவலை, உங்கள் மக்களின் தூக்கத்தைப் பற்றியது அல்ல.

பச்சைத்தேயிலை

இப்படி ஆளாளுக்கு ஆபத்து, ஆபத்து என்று எழுதுங்கள். கடைசியில் அடிபடுவது எங்களைப் போன்ற சிறு விவசாயிதான். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை. இருக்கிற அரை ஏக்கரை விற்றுப் பிள்ளையைப் படிக்க வைக்கலாம் என்றால், "இது மண்சரிவு ஏரியாவாமே" என்று பாதி விலைக்குக் கேட்பான். அரசின் நிலச்சரிவு வரைபடத்தில் சிவப்பு மை பட்ட இடத்துக்கு பேங்கில் கடனும் வராது. அந்த வரைபடம் போட்டவர் எங்கள் தோட்டத்தில் கால் வைத்தாரா? கோத்தகிரிப் பையன் ஊர்ப் பெயர் போடாதது நல்லது. திட்டத்திலும் சர்வே எண் போடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

சரிவுக்கோணம்

பச்சைத்தேயிலை ஐயா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை விளக்குகிறேன்.

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 2014இல் தொடங்கிய தேசிய நிலச்சரிவு வரைபடத் திட்டத்தின் அளவு 1:50,000. அதாவது வரைபடத்தில் 1 மில்லிமீட்டர், தரையில் 50 மீட்டர். 10 சென்ட் மனை ஏறக்குறைய 20 மீட்டருக்கு 20 மீட்டர். வரைபடத்தில் அது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பென்சில் முனை அதைவிடத் தடிமன். அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு இந்த மனை சிவப்பு, பக்கத்து மனை பச்சை என்று யாராவது சொன்னால் அவருக்கு வரைபடம் படிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். மாவட்டத்தில் எந்தப் பள்ளத்தாக்கை முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்யத்தான் அது. மனை விலை பேச அல்ல.

மாவட்ட வரிசைப் பட்டியலும் அப்படித்தான். இஸ்ரோவின் 2023 நிலச்சரிவு அட்லஸில் 147 மாவட்டங்களை வரிசைப்படுத்தினார்கள். ருத்ரபிரயாக் முதலிடம். மூன்றாவது இடம் திருச்சூருக்கு. வயநாடு பதின்மூன்றாவது! அந்த வரிசையில் மக்கள்தொகை, வீடுகள், சாலைகள் எல்லாம் சேர்ந்திருக்கின்றன, அதனால் அடர்த்தியான மாவட்டம் மேலே போகிறது. அடுத்த ஆண்டு ஜூலை 30ஆம் தேதி வயநாட்டில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

இனி பச்சைத்தேயிலை ஐயாவுக்குப் பிடிக்காத பாதி. வயநாட்டில் சரிவு தொடங்கிய இடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில், ஆள் இல்லாத காட்டில். அங்கிருந்து பாறையும் மரமும் சேறும் ஆற்றின் வழியாக ஏறக்குறைய 8 கிலோமீட்டர் ஓடின. புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை எல்லாம் வழியில் இருந்த ஊர்கள். சூரல்மலைக் கடைத்தெரு, சரிவு தொடங்கிய இடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எங்கே மண் பெயரும் என்று காட்டுகிற வரைபடம், பெயர்ந்த மண் எங்கே போய் நிற்கும் என்று காட்டாது. 250க்கும் மேற்பட்டோர் போனது அந்த இடைவெளியில்தான்.

ஆகவே, பையன், உங்கள் ஊரில் நான் முதலில் கவலைப்படுவது சாலையோரப் புது வீடுகளைப் பற்றி அல்ல. ஓடைக்கரை லைன் வீடுகளைப் பற்றி.

பதுளைப் பக்கம்

வணக்கம். இலங்கை மலையகத்திலிருந்து எழுதுகிறேன். லைன் வீடு என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் லயம் என்போம்.

பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தை தோட்டம். 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போயின. அது ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும், பிறகு 2011இலும் சொல்லியிருந்தது. மதிப்பீடு சரியாக இருந்தது. ஆனால் சனத்துக்குப் போவதற்கு வேறு இடம் இல்லை. காணி தோட்டத்துடையது, லயமும் தோட்டத்துடையது, வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். எழும்பிப் போ என்றால் எங்கே போவது? உங்கள் திட்டத்தில் ஆபத்தான வீடு என்று எழுதுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில், இவர்கள் எந்தக் கூரையின் கீழ் போய்ப் படுப்பார்கள் என்றும் எழுதுங்கள். அது வெறுமையாக இருந்தால் மற்ற எல்லாக் கட்டமும் வீண்.

எங்கள் பக்கம் மழை அளவை வைத்து எச்சரிக்கை தருகிற முறை இருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் கவனம். 100 தாண்டினால் எச்சரிக்கை. 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேற வேண்டும். கிராமங்களில் மழைமானி கொடுத்து ஆட்களைப் பழக்கியும் இருக்கிறார்கள். எண் மனதில் நிற்பதால் தகராறு குறைவு. ஆபீசர் சொல்லட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

கேத்தி ரோடு

இலங்கை நண்பர் சொன்ன எண்களை இங்கே அப்படியே போட்டால் மக்கள் மாதம் நாலு முறை மூட்டை கட்ட வேண்டி வரும். தேவாலாவில் ஜூலையில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்வது புதிதல்ல.

இந்த மாவட்டத்தின் உண்மையான தலைவலி வேறு. தென்மேற்குப் பருவமழை மேற்கே கொட்டும்: கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி. அந்த நாட்களில் கோத்தகிரியில் தூறல்தான் இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் தலைகீழ், குன்னூரும் கோத்தகிரியும் நனையும், கூடலூரில் வெயில் அடிக்கும். ஆனால் எச்சரிக்கை வருவது "நீலகிரி மாவட்டத்துக்கு ரெட் அலர்ட்" என்று. ஜூலை, ஆகஸ்டில் ரெட் அலர்ட், பள்ளி விடுமுறை, கோத்தகிரியில் பையன்கள் காய்ந்த மைதானத்தில் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்படியே பழகிவிட்டு நவம்பரில் வருகிற ரெட் அலர்ட்டை யார் மதிப்பார்கள்?

இன்னொன்று கவனியுங்கள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல். மழை கிட்டத்தட்ட ஒன்றுதான். 2009இல் 40க்கும் மேற்பட்ட சாவு. 2019இல் மாவட்டம் முழுவதும் சேர்த்தே ஒற்றை இலக்கம். அவலாஞ்சியில் பெய்த மழை சோலையிலும் புல்வெளியிலும் அணையிலும் விழுந்தது. கேத்தியில் பெய்தது வீட்டுக்கும் சாலைக்கும் வெட்டிய சரிவுக்கும் மேல் விழுந்தது. படிவத்தில் "மழை: அதிகம்" என்று ஒரே கட்டம்தான் இருக்கும், இரண்டுக்கும் ஒரே மார்க்தான் விழும்.

நாகைக்காரி

மலை பற்றி எனக்குத் தெரியாது, கடற்கரைக்காரி. 2004க்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் போடாத திட்டம் இல்லை. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறியபோது எங்கள் பக்கம் ஒன்று புரிந்தது: ஊர் ஜனத்தொகை எத்தனை என்பது பயன்படாது. ராத்திரி எந்த வீட்டில் யார் படுக்கிறார்கள் என்பதுதான் பயன்படும். படுத்த படுக்கையாக யார், எட்டு மாத கர்ப்பிணி யார், தனியாக இருக்கிற கிழவி யார். அப்புறம் பள்ளிக்கூடத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதுங்கள். ஹெட்மாஸ்டர் பஸ்ஸில் வந்து போகிறவராக இருந்தால் ராத்திரியில் சாவியும் ஊரில் இருக்காது.

பூமி_அதிர்ச்சி

நிலநடுக்கத்தை இவ்வளவு லேசாக விடலாமா? 1900 பிப்ரவரியில் கோவைப் பக்கம் ரிக்டர் 6 அளவில் ஒன்று வந்திருக்கிறது.

சரிவுக்கோணம்

வந்திருக்கிறது, மறுக்கவில்லை. கட்டடம் கட்டும்போது கம்பி, தூண் சரியாகப் போட அது காரணம். ஓர் ஊராட்சி இந்த மழைக்காலத்துக்கு முன்னால் செய்யக்கூடியது அதில் ஒன்றும் இல்லை. விடுங்கள்.

பந்தலூர் அக்கா

யானையைப் பற்றி யாரும் பேசவில்லையே? கூடலூர், பந்தலூரில் பேரிடர் என்று எந்த வீட்டில் கேட்டாலும் முதலில் யானையைத்தான் சொல்வார்கள். இதை வேறு துறை என்று தள்ளிவிடாதீர்கள். மழை ராத்திரியில் "வீட்டைக் காலி பண்ணிப் பள்ளிக்கூடத்துக்கு நடங்க" என்று சொல்வது எளிது. கரண்ட் இல்லாத இருட்டில், யானை நிற்கிற தேயிலைக்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு யார் நடப்பார்கள்? அந்தப் பயத்தில்தான் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். கோத்தகிரியில் யானைக்குப் பதில் காட்டுமாடும் கரடியும். தம்பி போட்ட அந்த 10 மார்க்கை அழிக்க வேண்டாம், வெளியேறும் பாதை எழுதுகிற இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். பகலிலேயே, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்ப வேண்டும் என்பதற்கு அது ஒன்றே போதும்.

கோத்தகிரிப் பையன்

எல்லோருக்கும் நன்றி. படிவத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சரிவில் மேலிருந்து கீழாகத் தண்ணீர் போகிற வழியில் நடந்து பார்த்தேன். மழை பெய்துகொண்டிருந்தது, அதுவும் நல்லதாகப் போயிற்று.

சாலையோரக் கால்வாய் பாதித் தூரம்தான் இருக்கிறது. புது வீடுகளுக்குக் கார் ஏற வேண்டும் என்று வாசலுக்கு வாசல் மண் போட்டு மூடியிருக்கிறார்கள். கால்வாய்த் தண்ணீர் சாலையைத் தாண்டி, மூன்றாவது வீட்டுக்கும் நான்காவது வீட்டுக்கும் நடுவே இறங்குகிறது. முன்பு அங்கே ஒரு சிறுபாலம் இருந்தது, குழாய் இப்போது பாதிக்கு மேல் மண், பிளாஸ்டிக் பை, பழைய சாக்கு.

நான்காவது வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு வெட்டிய சுவர். கல் கட்டித் தடுப்புச் சுவர் போட்டிருக்கிறார்கள், ஆனால் உள்ளே தேங்கும் தண்ணீர் வெளியேற வைக்கும் துளை (வீப் ஹோல்) ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சுவரின் நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது. அந்தச் சுவருக்கு நேர் மேலே, மேல் வீட்டுக்காரரின் சோக்பிட் (கழிவுநீர் உறிஞ்சுகுழி). மழைத் தண்ணீர் ஒரு பக்கம், குளியலறைத் தண்ணீர் வருடம் முழுவதும் இன்னொரு பக்கம்.

ஹட்டியில் ஒன்றும் இல்லை. பழைய ஆட்கள் முகட்டுத் திட்டில் கட்டியிருக்கிறார்கள், தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து போகிறது. பெரியவர்கள் "நம்ம ஊர்ல சரியல" என்று சொன்னது ஹட்டியைப் பற்றி மட்டும்தான் என்று அங்கே நின்றபோது தெரிந்தது. லைன் வீட்டுக்காரர்களை அன்றைய கூட்டத்துக்கு யாரும் கூப்பிடவில்லை.

லைனில் போய்க் கேட்டேன். ஓர் அம்மா, 2009இல் ஓடைத் தண்ணீர் திண்ணை வரை வந்ததையும், அதற்கு முன் கொஞ்ச நேரம் ஓடை வற்றிப்போன மாதிரி இருந்ததையும் சொன்னார். அது என்னவென்று அவருக்குப் புரியவில்லை.

சரிவுக்கோணம்

இந்தக் கடைசி வரியைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். கொட்டுகிற மழையில் ஓடை திடீரென்று குறைந்தால், மேலே எங்கோ சரிந்து ஓடையை அடைத்துவிட்டது என்று அர்த்தம். அடைப்பு எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் ஓடையை எட்டிப் பார்க்கப் போகாமல், பக்கவாட்டில் மேடு ஏற வேண்டும். ஓடை வழியே கீழே ஓடக் கூடாது.

மற்ற அறிகுறிகளையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்: தரையில் புதிய வெடிப்பு, திடீரென்று சிக்கிக்கொள்ளும் கதவு, சாயத் தொடங்கும் சில்வர் ஓக் மரமோ மின்கம்பமோ, தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருவது. வெடிப்பு இருந்தால் அதன் இரு பக்கமும் ஒரு முளை அடித்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை நோட்டில் எழுதி வையுங்கள். தினமும் ஒரே ஆள் அளக்கட்டும். தூரம் கூடிக்கொண்டே போனால் பேச்சுக்கே இடமில்லை, காலி செய்ய வேண்டியதுதான்.

மழை அளவு பற்றி. கேத்தி ரோடு சொல்வது சரி, இலங்கை எண்களை அப்படியே எடுக்க முடியாது. ஆனால் பதுளை நண்பரின் முறையை எடுக்கலாம். வயநாட்டில் கல்பற்றாவில் இருக்கும் ஹ்யூம் மையம் என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம் மாவட்டம் முழுக்க 200க்கும் மேற்பட்ட சிறு மழைமானிகளை வைத்திருக்கிறது. 2024இல் சரிவுக்கு 16 மணி நேரம் முன்பே மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் கொடுத்தார்கள். அவர்களிடம் இருந்தது அந்தப் பள்ளத்தாக்கில் பெய்த மழையின் கணக்கு. 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர். மாவட்டத்துக்கான பொது எச்சரிக்கையில் அந்த எண் வராது.

புவியியல் ஆய்வுத்துறை நீலகிரிக்கும் டார்ஜிலிங், காலிம்போங் மாவட்டங்களுக்கும் மழைக்காலத்தில் நிலச்சரிவு முன்னறிவிப்பு தருகிறது. பூஸ்கலன் என்ற செயலியிலும் பார்க்கலாம். அதையும் பாருங்கள், கூடவே உங்கள் சரிவில் ஒரு மழைமானி இருக்கட்டும். விலை கொடுத்து வாங்க வேண்டாம், பக்கம் நேராக உள்ள அகலமான டப்பாவும் மில்லிமீட்டர் ஸ்கேலும் போதும். கூரை ஓரத்திலோ மரத்தடியிலோ வைக்காதீர்கள், திறந்த வெளியில் வையுங்கள். தினமும் காலை 8.30க்கு எழுதினால் வானிலைத்துறைக் கணக்கோடு ஒப்பிடலாம். ஒரு நாள் மழையை மட்டும் பார்க்காமல் கடைசி மூன்று நாள் கூட்டுத்தொகையையும் எழுதுங்கள், ஊறிப்போன மண்ணுக்குக் குறைந்த மழையே போதும். எந்த எண்ணில் லைன் வீட்டுக்காரர்களை எழுப்புவது என்பதை வருவாய்த்துறை, புவியியல் ஆட்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஆனால் மழைக்காலத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

பதுளைப் பக்கம்

ஒரு விஷயம் சேர்க்கிறேன். போன் வேலை செய்யும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கேத்தி ரோடு

அதற்கு இங்கேயே உதாரணம் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடி. 70 பேர். பெரும்பாலும் கயத்தாறு பக்கத்திலிருந்து போன நம் ஆட்கள், ஆற்றோரத்து லயங்கள். கரண்ட் இல்லை, செல்போன் இல்லை, வெளியுலகத்துக்குத் தெரிந்ததே மறுநாள் காலையில். 1077 என்ற மாவட்டப் பேரிடர் உதவி எண்ணைத் திட்டத்தில் எழுதுவது சரி. எழுப்ப ஒரு விசிலும், சாலை வரை ஓட இரண்டு இளவட்டங்களின் பெயரும் அதற்கு மேல் எழுதியிருக்க வேண்டும்.

பச்சைத்தேயிலை

படித்துக்கொண்டுதான் வருகிறேன். கால்வாயை மூடியவனைப் பிடியுங்கள், அதை யார் வேண்டாம் என்றது? மேலே இருக்கிறவன் காருக்காகக் கால்வாயை மூடுவான், தண்ணீர் என் தேயிலைக்குள் இறங்கும், பட்டியலில் என் நிலம் வரும். இந்தக் கணக்குத்தான் எனக்கு ஆகவில்லை. ஆபத்து என் நிலத்தில் தெரிகிறது, அதைச் செய்தவன் வேறு இடத்தில் இருக்கிறான்.

ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ.

பச்சைத்தேயிலை இந்த இழையிலேயே நல்ல வரியை எழுதிவிட்டார். தம்பி, அப்படியே செய்யுங்கள். நிலத்தைப் பட்டியலிடாமல் தண்ணீரின் வழியைப் பட்டியலிடுங்கள்: சாலைக் கால்வாய், அடைபட்ட சிறுபாலம், நான்காவது வீட்டுச் சந்து, தேயிலைக்குள் போகும் வாய்க்கால், ஓடை. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பொறுப்பு என்று எழுதுங்கள். கால்வாயும் சிறுபாலமும் யாருடைய சாலையோ அவர்களுடையது. வாய்க்காலையும் ஓடையையும் தூர் எடுப்பது நூறு நாள் வேலையில் வருமா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். லைன் வீட்டுக்கு எஸ்டேட் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வீட்டு ஆட்களின் விவரம், நாகைப் பெண் சொன்ன மாதிரி, தனித் தாளில் தலைவரிடமும் வி.ஏ.ஓ.விடமும் மட்டும் இருக்கட்டும். அதை எங்கும் ஒட்ட வேண்டாம்.

கோத்தகிரிப் பையன்

நல்ல யோசனை ஐயா. ஆனால் படிவத்தில் மதிப்பெண் கட்டம் கட்டாயம் நிரப்ப வேண்டுமே? காலியாக விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ.

நிரப்புங்கள், யார் தடுத்தார்கள்? ஹட்டி, சாலையோரம், லைன் என்று மூன்றாகப் பிரித்து மூன்று வரி போடுங்கள். படிவத்தில் வரி சேர்க்கக் கூடாது என்று எந்த அரசாணையும் கிடையாது. இணைப்பு என்று போட்டு மற்ற தாள்களைப் பின்னால் குத்திவிடுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கிராமசபையில் தீர்மானமாக ஏற்றினால்தான் நாளைக்கு ஒன்றிய அலுவலகத்தில் கேள்வி கேட்க முடியும். அக்டோபர் 2 சபையில் வைத்தால் வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும், தூர் எடுக்க நேரம் இருக்காது. ஆகஸ்ட் 15 சபைக்கே கொண்டுபோங்கள். லைன் வீட்டு ஆட்கள் சபைக்கு வர வேண்டுமென்றால் அன்றைக்கு எஸ்டேட்டில் விடுமுறைதானா, பேட்டா வேலை ஏதும் வைத்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பச்சைத்தேயிலை

நானும் அன்றைக்கு எங்கள் ஊர் சபையில் சிறுபாலத்தைப் பற்றிப் பேசுகிறேன். சர்வே எண் யாராவது வாசித்தால் எழுந்து எதிர்ப்பேன், இப்போதே சொல்லிவிட்டேன்.